ஸ்பிட்ஃபயரைப் பிரிக்கும் முன்: அப்படியே வைப்பதா, எதுவரை மாற்றுவது?

பெங்களூர் காக்ஸ் டவுனில் என் அத்தை மகன் வீட்டு ஷெட்டில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய இங்கிலாந்து கார் ஒன்று நிற்கிறது. 1966 மாடல், மார்க் 2. இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அவன் மாமனார் கப்பலில் கொண்டு வந்த வண்டி. அவர் காலமானதிலிருந்து, 22 வருஷமாக, அதன் சக்கரம் உருளவே இல்லை. போன மாதம் தார்ப்பாயை விலக்கிக் காட்டினான். "மச்சான், இதை ஓட்டணும். பழசாவே பண்ணலாமா, இல்ல மாருதி ஈகோ இன்ஜினைத் தூக்கி வெச்சிடலாமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றான். கரன்ட் வண்டியாக மாற்றிவிடு என்று அவன் ஆபீஸில் ஒருவர் சொல்லியிருக்கிறார். மொத்தமாக ஒரு கராஜில் கொடுத்துவிட்டு மறந்துவிடு என்று அவன் மனைவி சொல்கிறார்.

என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். அல்சூர் வீட்டு வாசலில் வைத்து 16 வருஷமாக நானே பார்த்துக்கொள்கிறேன். ஹெரால்டு தெரிந்தவனுக்கு ஸ்பிட்ஃபயர் பாதி தெரிந்த மாதிரிதான். இரண்டுமே இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உருவம். ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி, முன் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுத்து, 1962இல் கொண்டுவந்த இரண்டு சீட்டு வண்டிதான் ஸ்பிட்ஃபயர். மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்த ஹெரால்டில் 948 சிசி இன்ஜின். மார்க் 2 ஸ்பிட்ஃபயரில் 1147 சிசி. போர், அதாவது சிலிண்டர் விட்டம்தான் பெரிசு, குடும்பம் ஒன்று. அதனால்தான் ஹெரால்டில் கை பழகிய மேஸ்திரி இந்த வண்டியைப் பார்த்துப் பயப்படுவதில்லை. ஸ்ரீராமபுரத்தில் அப்படி ஒரு பெரியவர் இன்னும் இருக்கிறார். எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லிக்கொடுத்தது.

மச்சானுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பார்க்கவேண்டும்

வழியை முடிவுசெய்வதற்கு முன் பார்க்கவேண்டியவை மூன்று.

முதலாவது, கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டித் தகடு. டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்பார்கள். ஹெரால்டின் சேசிஸில் பக்கவாட்டில் தனிச் சட்டம் உண்டு, அதனால் அந்தத் தகடு அங்கே வெறும் அழகுக்குத்தான். ஸ்பிட்ஃபயரில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். வண்டியின் நடுப்பகுதியை மடங்காமல் பிடித்திருப்பதில் அந்தத் தகடுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மேலே திறந்த வண்டி வேறு. கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். மேல் இடைவெளி குறுகி, கீழ் இடைவெளி அகன்றிருந்தால் தகடு உள்ளே அரித்திருக்க வாய்ப்பு அதிகம். இதைத் தெரியாமல் ஒரு டிங்கர் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வெட்டி எடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். கதவு அதன் பிறகு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை வைத்து வெல்டு செய்துவிட்டு, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் தொடவேண்டும்.

இரண்டாவது, கிராங்க், அதாவது இன்ஜினுக்குள் சுற்றும் தண்டு. இந்த இன்ஜினின் பலவீனம் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர். சின்ன அரைவட்டத் துண்டுகள். தேய்ந்துபோனால் கழன்று, அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பில் விழுந்துவிடும். பிறகு கிராங்க் நேராக பிளாக்கையே உரசும். இதைக் கண்டுபிடிக்க எதையும் பிரிக்கவேண்டாம். ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும், இன்னொருவர் முன்னால் குனிந்து கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். மிதிக்கும்போது புல்லி முன்பக்கம் தள்ளிக்கொண்டு வருவது கண்ணுக்கே தெரிந்தால், சம்பைக் கழற்றாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடாது. நேரத்தில் பிடித்தால் இரண்டு வாஷரோடு போகும். விட்டால் பிளாக்கே போகும்.

மூன்றாவது, முன் சக்கரத்தின் அடியில் இருக்கும் டிரன்னியன், அதாவது சக்கரம் திரும்புவதற்கான மரை வைத்த மூட்டு. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் ஆத்திரமே உண்டு. அதில் ஒரு நிப்பிள் இருக்கும். நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் கன்னை வைத்து அடிப்பது நம் ஷெட்டுகளில் பழக்கம். இங்கே ஊற்றவேண்டியது கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில். கெட்டியான கிரீஸ் மரை முழுவதும் போய்ச் சேராது. தண்ணீர் போய்ச் சேரும். உள்ளே துருப்பிடித்து, தேய்ந்து, ஒருநாள் முறிந்துவிடும். எங்கள் ஹெரால்டில் ஒரு சர்வீஸ் ஷெட்டில் வருஷக்கணக்காக கிரீஸ் அடித்திருக்கிறார்கள். அல்சூர் ஏரி ஓரம் மெதுவாக வளைந்து திரும்பும்போது வலது முன் சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்து உட்கார்ந்துவிட்டது. அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார், அம்மா பக்கத்தில். வேகம் பத்துகூட இருக்காது என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே வண்டி ஓசூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதில்லை. 22 வருஷம் நின்ற வண்டியில் இதைக் கழற்றிப் பார்க்காமல் ரோட்டில் இறக்கவே கூடாது.

நட்டு போல்டு வரை பழசாகவே

இந்த வழியை விரும்புகிறவர்களை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஸ்பிட்ஃபயரின் பானெட், இரண்டு மட்கார்டோடும் சேர்ந்து, மொத்தமாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். வீட்டில் வைத்து வேலை செய்ய இவ்வளவு வசதியான வண்டி வேறு இல்லை என்பேன். உதிரி பாகமும் பெரிய பிரச்சினை இல்லை. மூன்று லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி என்பதால் இங்கிலாந்தில் லிங்கனில் இருக்கும் ரிம்மர் பிரதர்ஸ் போன்ற கடைகளில் கேஸ்கெட்டிலிருந்து டேஷ்போர்டு திருகு வரை இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. நம் ஜேசி ரோட்டிலும் பழைய கடைகளில் ஹெரால்டு சாமான் எப்போதாவது தலைகாட்டும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான். 2021இல் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டமுடியாது; ரேலி, கண்காட்சி, பெட்ரோல், பராமரிப்பு என்று சில காரணங்களுக்கு மட்டும்தான். மச்சானிடம் பழைய ஆர்சி புத்தகம் இருக்கிறது. அதை உயிரோடு வைத்திருப்பதா, விஏவுக்குப் போவதா என்பதை ஆர்டிஓவில் நேரில் கேட்டுவிட்டு முடிவு செய்யச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் எல்லாமே பழசு என்றால் டைனமோவும் பழசு. அந்த லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் சுற்றினாலே 22 ஆம்ப்தான் கொடுக்கும். சும்மா நின்று உறுமும்போது ஒன்றுமே கொடுக்காது, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். இங்கிலாந்தின் கோவென்ட்ரி தெருக்களுக்கு அது போதும். சில்க் போர்டு சிக்னலில் சாயந்திரம் ஆறரை மணிக்கு ஹெட்லைட், வைப்பர், பிரேக் லைட் எல்லாம் போட்டு நாற்பது நிமிஷம் நிற்கிற வண்டிக்குப் போதாது. டயரும் அப்படித்தான். ரேடியலுக்கு முந்தைய காலத்து கிராஸ்பிளை டயரைத் தேடிப் போட்டு மழையில் பிரேக் அடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

பெட்ரோல் விஷயத்தில் பழசாகவே வைப்பதற்கு இடமே இல்லை. 2000ஆம் வருஷமே நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்துவிட்டது, இப்போது அதில் 20 சதவீதம் எத்தனால் வேறு. 1966இல் போட்ட ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறி மெத்தென்று ஆகிவிடும், பிறகு கசியும். கசிகிற இடத்துக்குக் கீழே சுடச்சுட எக்ஸாஸ்ட் இருக்கிறது. அதனால் அசல் பாகம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவரும் ஹோஸில் மட்டும் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

ஈகோ இன்ஜின்

இது சும்மா சொல்கிற யோசனை அல்ல, கணக்கு இருக்கிறது. மாருதியின் ஈகோவில் இன்ஜின் நீளவாக்கில் இருக்கும், பின் சக்கரம் இழுக்கும், ஐந்து கியர். 2010இல் வந்த 1196 சிசி இன்ஜின் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், எந்தத் தெரு மெக்கானிக்கும் பார்ப்பார். காலையில் சாவி திருகினால் எழுந்துவிடும், சோக் இழுக்கவேண்டாம்.

பவரைப் பாருங்கள். மார்க் 2 ஸ்பிட்ஃபயர் புதிதில் கொடுத்தது 67 குதிரை. அந்த ஈகோ இன்ஜின் கொடுப்பது 73. ஆறு குதிரைக்காக என்னென்ன செய்யவேண்டும்? சேசிஸில் புது மவுன்ட் வெல்டு செய்யவேண்டும். கியர்பாக்ஸ் இறங்க நடுச் சுரங்கத்தை வெட்டவேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்டை அளவுக்கு வெட்டி பேலன்ஸ் பார்க்கவேண்டும். டேங்கில் பிரஷர் பம்ப், ரிட்டர்ன் லைன், ஈசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர், சென்சார்களுக்கு ஒரு கட்டு வயர், புது ரேடியேட்டர். இவ்வளவும் முடிந்தபின் ஸ்பீடோமீட்டர் கேபிள் பொருந்தாது. முதல் மூன்று வேலையும் வீட்டில் நடக்காது, ஒருமுறை வெட்டினால் திரும்பவும் ஒட்டாது.

சட்டப் பக்கம் இன்னும் கஷ்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. ஆர்சியில் இருக்கும் இன்ஜின் நம்பர் வண்டியில் இல்லையென்றால் போலீஸ் ஒருபுறம், இன்ஷூரன்ஸ் மறுபுறம். விஏ பதிவும் கைவிட்டுப் போகும்.

ஆனாலும் ஈகோகாரர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐந்தாவது கியர். ஸ்பிட்ஃபயரின் டாப் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் போனால் இன்ஜின் கிட்டத்தட்ட 4000 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும். சென்னை வரை அப்படிப் போனால் காது மரத்துவிடும். இதற்கு அன்றைக்கே டிரையம்ப் கம்பெனி வைத்திருந்த மருந்து லேகாக் ஓவர்டிரைவ். கியர்பாக்ஸின் பின்னால் உட்கார்ந்து, ஒரு சுவிட்சைத் தட்டினால் அதே வேகத்தில் சுற்றைச் சுமார் 3200க்கு இறக்கிவிடும். கம்பெனியே விருப்பத்துக்குக் கொடுத்த சாமான் என்பதால் பெரிதாக எதையும் வெட்டவேண்டியதில்லை. கிடைப்பது சுலபமில்லை, விலையும் குறைவில்லை. ஆனால் ஈகோ மாற்றத்தின் மொத்தச் செலவோடு வைத்துப் பார்த்தால் ஓவர்டிரைவுக்குக் காத்திருப்பதே மேல்.

கரன்ட் வண்டி யோசனையை நான் நீட்டவில்லை. அங்கீகாரம் பெற்ற கிட்டை அங்கீகாரம் பெற்றவர் மாட்டவேண்டும், வீட்டில் செய்கிற வேலையே அல்ல. எழுநூறு கிலோ சொச்சம்தான் மொத்த வண்டி. அதில் பேட்டரியை ஏற்றினால் இவ்வளவு பழைய பின் சஸ்பென்ஷன் அதைத் தாங்குமா என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் யாரும் சொல்லவில்லை. பிளாக்கே உடைந்துபோன வண்டி என்றால் ஒருவேளை யோசிக்கலாம்.

கழற்றி மாட்டுகிற மாற்றங்கள்

என் அளவுகோல் ஒன்றுதான். ஸ்பேனரால் மாட்டி ஸ்பேனரால் கழற்ற முடிகிற மாற்றம் சரி. அரம், கிரைண்டர், வெல்டிங் வேண்டும் என்றால் சரியில்லை. கழற்றிய பழைய பாகத்தைத் துடைத்து, எண்ணெய் தடவி, சீட்டு ஒட்டிப் பெட்டியில் வைக்கவேண்டும். நாளை வேறு ஒருவர் கைக்கு வண்டி போகும்போது அந்தப் பெட்டியும் கூடப் போகும்.

முதல் செலவு பெட்ரோல் வழி. டேங்க் சீட்டுக்குப் பின்னால் டிக்கிக்குள் இருக்கிறது. இறக்கி, கழுவி, துருவைப் பார்க்கவேண்டும். எத்தனால் தாங்கும் ஹோஸ், பம்புக்குப் புது டயாஃப்ரம், கார்புரேட்டருக்கு வைட்டான் ரப்பர் நுனி வைத்த நீடில் வால்வ். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே மாறியிருக்காது.

அடுத்தது பிரேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு லைன். எங்கே ஒரு இடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரமும் போச்சு. ஆகவே மாஸ்டர் சிலிண்டர் முதல் கடைசி ஹோஸ் வரை எல்லாம் புதிது, இரும்புக் குழாய்க்குப் பதில் செம்பு நிக்கல் குழாய். கேலிப்பர் பிஸ்டன் நிச்சயம் இறுகிப் போயிருக்கும். இதில் காசு மிச்சம் பிடிக்கிறவரோடு நான் வண்டியில் ஏறமாட்டேன்.

அப்புறம் டயர். இது அதிர்ஷ்டம் என்றே சொல்லவேண்டும். பின்னால் வந்த ஸ்பிட்ஃபயர்களுக்கு டிரையம்ப் போட்ட ரேடியல் அளவு 145 ஆர்13. ஆல்டோ கே10க்குப் போடுகிற 145/80 ஆர்13 டயர் அதே அளவு. எந்தக் கடையிலும் கிடைக்கும். டியூப் போட்டே மாட்டுங்கள். ரிம் அந்தக் காலத்து ரிம்.

கரன்ட் விஷயத்தில்தான் யோசித்து இறங்கவேண்டும், ஏனென்றால் ஒன்று தொட்டால் நான்கு அசையும். சிக்னலில் சூடாகிறது, எலக்ட்ரிக் ஃபேன் வைக்கலாம் என்று ஆரம்பிப்போம். ஃபேனுக்குக் கரன்ட் டைனமோ கொடுக்காது, ஆல்டர்னேட்டர் வேண்டும். மார்க் 2வில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். பேட்டரியைத் திருப்பி வைத்து, காயில் வயரை இடம் மாற்றவேண்டும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வாங்கியிருந்தால் அது எந்த எர்த்துக்கு வந்தது என்று பார்க்கவேண்டும். மாருதியின் சின்ன ஆல்டர்னேட்டர் ஒரு பிராக்கெட்டோடு உட்காரும், ஆனால் புல்லி பழைய பெல்ட் அகலத்துக்கு இருக்கவேண்டும். எல்லாமே திருப்பக்கூடிய வேலைதான். வரிசை தெரிந்து செய்தால் இரண்டு சனிக்கிழமை. எங்கள் ஹெரால்டை மாற்றிய அடுத்த வருஷம் ஒரு பேட்டரிக் கடைப் பையன் பழைய வழக்கப்படி பேட்டரியைத் திருப்பி மாட்டிவிட்டான், ஆல்டர்னேட்டர் அங்கேயே புகைந்துவிட்டது. அதற்குப் பிறகு பேட்டரிக்கு மேலே, பானெட்டுக்குள், மஞ்சள் பெயிண்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஃபேனுக்குப் போவதற்கு முன் இன்னொன்று. ஸ்பிட்ஃபயரில் ரேடியேட்டருக்கு இரண்டு பக்கமும் அட்டைத் தடுப்பு இருக்கும், காற்று பக்கவாட்டில் ஓடிவிடாமல் ரேடியேட்டருக்குள்ளேயே போவதற்கு. பழைய வண்டிகளில் அது நனைந்து கிழிந்து காணாமல் போயிருக்கும். தெர்மோஸ்டாட்டையும் யாராவது பிடுங்கி எறிந்திருப்பார்கள், அதை எடுத்தால் சூடு குறையும் என்று நம்புகிற மெக்கானிக் இன்னும் உண்டு. தடுப்பை வெட்டி மாட்டி, தெர்மோஸ்டாட்டைத் திரும்ப வைத்து, ரேடியேட்டரைக் கழுவியதும் பாதி வண்டிகளுக்கு எலக்ட்ரிக் ஃபேனே தேவைப்படாது.

கார்புரேட்டரைப் பற்றிக் கேட்டால் நான் நிறுத்தாமல் பேசுவேன். இதில் இருப்பது எஸ்யு கம்பெனி கார்புரேட்டர் இரண்டு. பலர் இதை எடுத்துவிட்டு ஒரு வெபர் கார்புரேட்டர் போடச் சொல்கிறார்கள். வேண்டாம். எஸ்யு அளவுக்கு வெளிப்படையான கருவி எதுவும் இல்லை. உள்ளே ஒரு பிஸ்டன், அதன் அடியில் கூர்மையான ஊசி, ஊசி இறங்கும் ஜெட். காற்று எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு பிஸ்டன் ஏறும், அவ்வளவு பெட்ரோல் வரும். கையால் பிஸ்டனைத் தூக்கி விட்டால் டக்கென்று ஒரு சத்தத்தோடு கீழே உட்காரவேண்டும். அந்தச் சத்தம் மந்தமாக இருந்தால் ஊசி எங்கோ உரசுகிறது. இன்ஜின் ஓடும்போது பக்கத்திலிருக்கும் சின்ன பின்னை ஒரு மில்லிமீட்டர்போல மெல்லத் தூக்குங்கள். சுற்று ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் அதிகம். உடனே திணறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. லேசாக ஏறி, உடனே பழையபடி நின்றால் சரி. அடியில் இருக்கும் நட்டை ஒரு பட்டை, அதாவது ஆறில் ஒரு சுற்று, மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், காது போதும்.

பெங்களூருக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே. காற்று மெலிந்திருப்பதால் கம்பெனி அளவில் வைத்த கார்புரேட்டர் இங்கே கொஞ்சம் பெட்ரோல் அதிகமாகக் கொடுக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலோ, அதே அளவு காற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக வேண்டும் என்று கேட்கும். ஆக இங்கே ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டிவிடும், நட்டை ரொம்பத் திருகவேண்டியிருக்காது. கிருஷ்ணகிரி தாண்டி இறங்கி, வேலூர், சென்னை என்று சமவெளிக்குப் போனால்தான் காற்று தடித்து, கலவை மெலிந்து, வால்வ் சூடாகும். நான் ஹெரால்டில் ஊருக்குப் போகும்போதெல்லாம் இங்கேயே ஒரு பட்டை கீழே இறக்கிவிட்டுத்தான் கிளம்புவேன்; திரும்பி வந்ததும் ஏற்றிவிடுவேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்கட் நிறத்தில் இருக்கும்.

ஈயம் இல்லாத பெட்ரோலுக்காகக் கடினமான வால்வ் சீட் போடுவதா என்று மச்சான் கேட்டான். ஹெட் எப்படியும் கழன்றால் போட்டுவிடலாம். அதற்காகவே நன்றாக இருக்கும் ஹெட்டைக் கழற்றவேண்டாம். வால்வை அசைக்கும் டேப்பட்டின் இடைவெளி பத்து தௌ, அதாவது ஒரு இன்ச்சில் ஆயிரத்தில் பத்து பங்கு. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் அது அடிக்கடி சுருங்கிக்கொண்டே வந்தால் சீட் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பின் சஸ்பென்ஷனில் ஒரே ஒரு எச்சரிக்கை. மார்க் 3 வரை வந்த ஸ்பிட்ஃபயர்களில் வளைவில் வேகமாகப் போய் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்பக்கம் மடியப் பார்க்கும். 1970இல் வந்த மார்க் 4இல் பட்டை ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றிச் சரிசெய்தார்கள். அந்த ஸ்பிரிங்கைப் பழைய வண்டியிலும் போல்டு போட்டு மாட்டலாம். நந்தி மலை வளைவுகளுக்குப் போகிற ஆசை இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டிலா, கராஜிலா

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஒரு வண்டியை முழுதாக ஒரு கராஜில் விட்டார். நான்கு வருஷம் கழித்து வண்டி லாரியில் திரும்பி வந்தது. பாடிக்கு அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், நட்டு போல்டெல்லாம் இரண்டு சாக்கில். எது எங்கே போகும் என்று பிரித்தவருக்கு மட்டும்தான் தெரியும், அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பழைய வண்டியில் பிரிப்பதே பாதி ஆவணம். அதைச் சொந்தக் கையால் செய்தால்தான் திரும்பப் பூட்ட முடியும்.

அதற்காக எல்லாவற்றையும் வீட்டில் செய்யமுடியாது. போர் போடுவது, கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஸ்கிம்மிங் லேத் பட்டறைக்கு. தகடு வெல்டிங்கும் பெயிண்டும் நல்ல டிங்கர் கைக்கு. மற்றதெல்லாம் ஷெட்டில். நல்ல ஜாக் ஸ்டாண்டு நான்கு முதலில் வாங்குங்கள், ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்பேனர் செட் இன்ச் அளவில் இருக்கவேண்டும். அரை இன்ச் நட்டு என்றால் 12.7 மில்லிமீட்டர். வீட்டில் இருக்கும் 13ஆம் நம்பர் ஸ்பேனர் அதில் ஏறும், கொஞ்சம் ஆடும், இறுகிய நட்டில் ஒரு தரம் வழுக்கினால் மூலை போய்விடும். ஜேசி ரோட்டிலும் எஸ்பி ரோட்டிலும் கேட்டால் ஏஎஃப் செட் என்று எடுத்துத் தருவார்கள்.

கியர்பாக்ஸுக்கு ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜிஎல்4 என்று இருக்கவேண்டும். ஜிஎல்5 ஆயில் பலவற்றில் இருக்கும் கந்தகச் சேர்மானம், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சின்க்ரோவின் பித்தளை வளையங்களைத் தின்னும். இன்ஜினுக்கு 20W-50 மினரல் ஆயில். புது வண்டிக்கு வருகிற தண்ணீர் மாதிரி சின்தெடிக் இதற்கு வேண்டாம்.

மச்சானுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. ஆறேழு மாதம் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறேன். அவன் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பிரிக்கிற ஒவ்வொரு பாகத்தையும் போனில் படம் எடுத்து, கவரில் போட்டு எழுதி வைக்கிற பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போன ஞாயிறு ஸ்ரீராமபுரத்துப் பெரியவரை ஆட்டோவில் அழைத்து வந்தோம். "தம்பி, நீ மிதி" என்று மச்சானை உள்ளே உட்காரவைத்துவிட்டு, டார்ச்சோடு புல்லிப் பக்கம் குனிந்தார். நான்கு முறை மிதிக்கச் சொன்னார். புல்லி அசையவில்லை. கதவு இடைவெளியில் இடது பக்கம் மட்டும் கொஞ்சம் சந்தேகம், உள்தகட்டைச் சுரண்டிப் பார்க்கவேண்டும். ஈகோ பேச்சு அதோடு முடிந்தது. டேங்கைத் திறந்தபோது பெட்ரோல் தேன் நிறத்தில், வார்னிஷ் நாற்றத்தோடு இருந்தது. வடித்துவிட்டு, இறக்கி, சிவாஜிநகரில் ஒரு ரேடியேட்டர் கடையில் கழுவக் கொடுத்திருக்கிறோம். வியாழக்கிழமை கிடைக்கும் என்றார்கள். இந்த ஞாயிறு டிரன்னியன்.